புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: குரூப் 4 தேர்வுக்கான நினைவுப் பயிற்சி, படிப்படியாக

"நாலு தடவை படிச்சுட்டேன் சார், ஆனா கேள்வித்தாளைப் பார்த்தா எல்லாம் ஒன்னோட ஒன்னு குழம்புது." குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி கேட்பது இதைத்தான். இப்படிச் சொல்பவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. நூலகம் திறக்கும் முன்பே வாசலில் வந்து நிற்பவர்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் புத்தகத்தைத் தொடுபவர்கள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து படிக்கும் பெண்கள். உழைப்பில் குறையே கிடையாது. ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி, புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலேயே செலவாகிவிடுகிறது. படித்ததைப் புத்தகம் இல்லாமல் வெளியே எடுத்துப் பார்க்க அவர்கள் நேரம் ஒதுக்குவதில்லை. தேர்வில் நம்மிடம் கேட்கப்படும் வேலையோ அது ஒன்றுதான்.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. பத்தாம் வகுப்புத் தரம் என்பதால் பெரும்பாலோர் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களைத்தான் கையில் எடுக்கிறார்கள். படித்துப் புரியாத பாடம் அவற்றில் அதிகம் இல்லை. ஆண்டு, பெயர், விதி எண், நூல், ஆசிரியர், ஊர் என்று சின்னச் சின்னத் தகவல்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதுதான் சிரமம். அதனால் இந்தத் தேர்வுக்குத் தயாராவது என்பதே பெருமளவு நினைவோடு மோதும் வேலை. அந்த வேலையை வரிசையாகச் செய்வது எப்படி என்று இங்கே சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

தொடங்கும் முன்: ஏன் மூடிவிட்டுப் படிக்க வேண்டும்?

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், மாணவர் பாடம் கேட்கும் முறை பற்றிச் சில நூற்பாக்கள் இருக்கின்றன. எழுத்திலக்கணத்துக்குப் போகும் அவசரத்தில் பலரும் தாண்டிவிடும் பகுதி அது. நல்ல மாணவர் செய்ய வேண்டியவற்றை அடுக்கும்போது "கேட்டவை நினைத்தல்" என்கிறார். "வினாதல், வினாயவை விடுத்தல்" என்கிறார். கேட்டதை மனத்துக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், பிறர் கேட்டதற்கு விடை சொல்ல வேண்டும். அதோடு ஒரு கணக்கும் தருகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால் பங்குதான் கைவரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி இரண்டு காலும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும்.

இதே திசையில் 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கல்வி உளவியலில் இன்று மிகவும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியை இரண்டு முறை படிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒரு முறை மட்டும் படிக்கச் சொல்லி, பிறகு பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்த பகுதியே நன்றாக நினைவிருந்தது: 81 சதவீதம். எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். இரண்டு முறை படித்தது 42 சதவீதமாக இறங்கியிருந்தது. எழுதிப் பார்த்தது 56இல் நின்றது.

அந்த முதல் ஐந்து நிமிடத்தை நன்றாகக் கவனியுங்கள். திரும்பப் படித்தவுடன் நமக்கு எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்தத் திருப்தியை நம்பித்தான் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். மூடிவிட்டு எழுதினாலோ ஓட்டைகள் எல்லாம் கண்ணில் படும், மனம் சோர்ந்துபோகும். அந்தச் சோர்வைப் பொறுத்துக்கொண்டு உட்கார்பவருக்குத்தான் பாடம் தங்குகிறது.

படி 1: மேசையும் அளவும்

கைபேசியை அணைத்து வேறு அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது, கை தானாகப் போகும். மனத்துக்குள் நுழையாத தகவலை எந்தப் பயிற்சியாலும் வெளியே எடுக்க முடியாது.

ஒரு அமர்வுக்கு நாற்பது நிமிடம் போதும். பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஒரு துணைத்தலைப்பு, இரண்டு அல்லது மூன்று பக்கம், அதுதான் ஒரு துண்டு. புதிய தகவல்களை மனம் ஒரே நேரத்தில் ஏந்தி நிற்கும் அளவு மிகச் சிறியது. 1956இல் ஜார்ஜ் மில்லர் அதை ஏழு என்ற எண்ணை ஒட்டி வைத்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் நான்குக்கு இறக்கினார்கள். பத்துப் பக்கத்தை ஒரேயடியாக விழுங்கப் பார்ப்பவரின் கையில் கடைசிப் பக்கம்தான் மிஞ்சும்.

படி 2: ஒரு முறை ஊன்றிப் படியுங்கள், மூடுங்கள், எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வ.உ.சிதம்பரனார் பற்றிய பகுதி என்று வைத்துக்கொள்வோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வண்ணக்கோடு எதுவும் போடாமல், ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். வாய்விட்டுப் படிப்பது இன்னும் நல்லது. சத்தமாகச் சொன்ன சொல் மௌனமாகப் படித்த சொல்லைவிட நன்றாகத் தங்குகிறது. பிறகு புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். அழகான வாக்கியம் வேண்டாம், வரிசை வேண்டாம். "தூத்துக்குடி, கப்பல் கம்பெனி, 1906, கோரல் மில் வேலைநிறுத்தம், சுப்பிரமணிய சிவா, கைது..." என்று வந்தால் போதும்.

நின்றுவிட்டால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். இரண்டு நிமிடம் முட்டிப் பாருங்கள். கப்பல்களின் பெயர் என்ன? கைதானது எந்த மாதம்? அப்போது கலெக்டர் யார்? வராத ஒன்றைத் தேடி மனம் திணறும் அந்த இரண்டு நிமிடம் வீண் போகாது. அதன்பின் விடையைப் பார்க்கும்போது அது ஆழமாகப் பதியும்.

இப்போது புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தவறாக எழுதியதையும் சிவப்பு மையில் சேருங்கள். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ, 1908 மார்ச், விஞ்ச். திருத்துவதைத் தள்ளிப்போடக் கூடாது. தவறான விடையைச் சரிபார்க்காமல் விட்டால் அந்தத் தவறே பழகிவிடும். இதில் மனத்துக்குத் தெம்பு தரும் ஒரு செய்தி உண்டு. "இது நிச்சயம் சரி" என்று உறுதியாக நம்பி எழுதித் தவறாகிப்போன விடைதான், திருத்திய பிறகு நன்றாக நினைவில் நிற்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே சிவப்பு மை அதிகமானால் வருந்தாதீர்கள்.

அடுத்த முறை உங்களுக்குப் பாடமாகப் போவது அந்தச் சிவப்பு எழுத்துகள்தான். முழுப் பக்கத்தையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை.

படி 3: "ஏன்?" என்று கேட்டுச் சங்கிலி ஆக்குங்கள்

தனியாக நிற்கும் ஆண்டு உதிர்ந்துவிடும். காரணத்தோடு கோத்த ஆண்டு தங்கும். பின்வரும் ஆறு தகவல்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்பவர் எத்தனையோ பேர்: 1905 வங்கப் பிரிவினை, 1906 சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி, 1908 வ.உ.சி. கைது, 1908 திருநெல்வேலி எழுச்சி, 1911 ஆஷ் கொலை, 1911 வங்கப் பிரிவினை ரத்து.

இதையே கதையாகச் சொல்லிப் பாருங்கள். கர்சன் வங்கத்தைப் பிரித்தார்; அதை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தது. அன்னியப் பொருளை விலக்கு என்ற அந்தக் குரல் தூத்துக்குடிக்கு வந்தபோது, அன்னியக் கப்பலை எதிர்த்து நம் கப்பலாக மாறியது. கப்பலோடு நிற்காமல் ஆலைத் தொழிலாளர் பக்கமும் வ.உ.சி. நின்றார்; அரசு அவரையும் சிவாவையும் சிறையில் தள்ளியது. மறுநாளே, மார்ச் 13 அன்று, திருநெல்வேலி கொந்தளித்தது. அந்தக் கோபம் அடங்கவில்லை. தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து வ.உ.சி.யின் முயற்சிகளை ஒடுக்கியவரும், பின்னர் மாவட்டக் கலெக்டர் ஆனவருமான ஆஷை, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டார். எந்தப் பிரிவினையில் தொடங்கியதோ அந்தப் பிரிவினை அதே ஆண்டின் இறுதியில் டெல்லி தர்பாரில் ரத்தானது.

ஆறு தகவல் இப்போது ஒரே தகவல். ஒரு நுனியைப் பிடித்தால் மற்றவை பின்னால் வரும். இதற்காகக் காரணங்களைக் கற்பனை செய்யக் கூடாது. பாடநூலில் இருப்பதிலிருந்தே கோக்க வேண்டும். ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் "இது ஏன் அங்கே, ஏன் அப்போது?" என்று எழுதி, விடை தேடினாலே சங்கிலி உருவாகிவிடும். வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம் மூன்றுக்கும் இது உதவும்.

படி 4: அட்டை எழுதுங்கள்

சிவப்பு மையில் வந்தவையும் சங்கிலியின் முக்கியக் கண்ணிகளும் அட்டைக்குப் போகட்டும். கடையில் வாங்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை நான்காக வெட்டினால் போதும்; கெட்டியான தாள், கசங்காது.

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஓர் அட்டையில் ஒரே ஒரு தகவல். "வ.உ.சி. பற்றிக் கூறு" என்ற அட்டை பயன்படாது, பாதி சொல்லிவிட்டு, தெரியும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். "சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஆண்டு?" என்று ஓர் அட்டை. "1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய நிறுவனம்?" என்று திருப்பிப் போட்டு இன்னொன்று. தேர்வில் எந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள் என்று சொல்ல முடியாதே.

"தேர்வில் நான்கு விடை கொடுத்துவிடுகிறார்கள், பிறகு எதற்கு இத்தனை பாடு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நான்கில் இரண்டு, உங்களைக் குழப்பவே எழுதப்பட்டவை. பார்த்தவுடன் பழக்கமாகத் தெரிவதை வைத்து விடையைத் தேர்ந்தெடுப்பவர் அங்கேதான் வழுக்குகிறார், ஏனென்றால் தவறான விடைகளும் அதே பாடத்திலிருந்து எடுத்த, நன்கு பழகிய பெயர்கள். விடைகளைப் பார்க்காமலே பதிலைச் சொல்லப் பழகியவருக்கு அந்தக் குழப்பம் குறைவு. ஆகவே அட்டையில் நான்கு விடைகளை எழுதாதீர்கள்.

கைபேசியிலேயே பார்க்க விரும்புபவர்களுக்கு ஆன்கி என்ற செயலி இருக்கிறது, ஆண்ட்ராய்டில் இலவசம். அடுத்த அட்டை எப்போது வர வேண்டும் என்பதை அதுவே கணக்கிடும். ஆனால் மற்றவர் செய்து வைத்த அட்டைத் தொகுப்பை இறக்கிப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எதைக் கேள்வியாக்குவது என்று தீர்மானிக்கும்போதே பாதிப் பாடம் உள்ளே போய்விடுகிறது. அந்த வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: இடைவெளி விடுங்கள்

1885இல் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து வெளியிட்டார். அவர் கண்ட வளைவு இன்றும் அப்படியே நிற்கிறது: நினைவு முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கும், பிறகு இறக்கம் மெதுவாகும். ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆனால் அடுத்த ஒரு மாதத்தில் அதற்கு மேல் போனது கொஞ்சம்தான். அவர் படித்தவை பொருளற்ற அசைகள். பொருள் புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாகப் போகாது. என்றாலும் இறங்கும் விதம் அதேதான்.

அந்தச் சரிவில் தகுந்த இடங்களில் குறுக்கே நிற்க வேண்டும். ஒரே நாளில் ஐந்து முறை பார்ப்பதைவிட ஐந்து வெவ்வேறு நாட்களில் ஒரு முறை பார்ப்பது நெடுநாள் நிற்கும். எவ்வளவு இடைவெளி என்பது தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008இல் நிக்கோலஸ் செபீடா குழுவினர் 1,350க்கும் மேற்பட்டோரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதனை என்றால் முதல் படிப்புக்கும் மறுபடிப்புக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி சிறந்தது. சோதனை ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்தால் மூன்று வாரம் போல.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: அன்றிரவு, மறுநாள், 4ஆம் நாள், 10ஆம் நாள், 25ஆம் நாள், பிறகு மாதம் ஒருமுறை. நாள் ஒன்றிரண்டு தவறினால் குடி முழுகிப்போகாது.

இதைத் தலையில் வைத்துக்கொண்டு அலையாமலிருக்க ஒரு பெட்டி உதவும். ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது. ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுங்கள். முதல் அறை தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரத்துக்கொரு முறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. புதிய அட்டை முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏறும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்கே திரும்பும். இங்கே கண்டிப்பாக இருங்கள். "நுனி நாக்கில் இருந்தது" என்றாலும் தவறுதான். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும்.

தெரிந்ததையே மறுபடி மறுபடி படித்து மகிழும் பழக்கத்தை இந்தப் பெட்டி தானாகவே உடைத்துவிடும். உங்களுக்கு வராத அட்டைகள்தான் தினமும் கண்முன் வந்து நிற்கும்.

படி 6: பட்டியல்களுக்குச் செய்யுளும் தெருவும்

சங்கிலியாகக் கோக்கக் காரணமே இல்லாத பட்டியல்களும் உண்டு. எட்டுத்தொகை நூல்கள் எவை என்றால் அதில் "ஏன்" என்ற கேள்விக்கு இடமில்லை. நம் முன்னோர் இதற்கு வெண்பாவைக் கையாண்டார்கள்.

நற்றிணை நல்ல குறுந்தொகை ஐங்குறுநூறு
ஒத்த பதிற்றுப்பத்து ஓங்கு பரிபாடல்
கற்றறிந்தார் ஏத்தும் கலியோடு அகம்புறம் என்று
இத்திறத்த எட்டுத் தொகை

எதுகை ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குக் கை கொடுக்கிறது. ஒரு நூலை விட்டுவிட்டால் ஓசை தட்டும். எதையோ விட்டுவிட்டோம் என்று காது சொல்லிவிடும். எழுதி வைத்த பட்டியலுக்கு அந்தக் காவல் கிடையாது. "ஓங்கு", "கற்றறிந்தார் ஏத்தும்" என்ற அடைமொழிகளைக் கொண்டே வினாக்கள் வருவதும் உண்டு, அதனால் இரட்டிப்புப் பயன். பத்துப்பாட்டுக்கும் பதினெண்கீழ்க்கணக்குக்கும் இதே போல் பழைய வெண்பாக்கள் உள்ளன, அவற்றையும் வாய்விட்டுப் பாடம் செய்யுங்கள்.

செய்யுள் இல்லாத பட்டியலுக்குத் தெரு இருக்கிறது. பழங்காலக் கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் தங்கள் உரையின் பகுதிகளை ஒரு கட்டடத்தின் அறைகளில் வரிசையாக வைப்பதாகக் கற்பனை செய்து, மனத்துக்குள் நடந்தபடியே நினைவுகூர்ந்தார்கள். நமக்கு நம் தெருவே போதும். அரசியலமைப்பின் 12 அட்டவணைகளை வைத்துப் பார்ப்போம். வீட்டிலிருந்து பஸ் நிலையம் தாண்டி நடக்கிறோம்.

1. வீட்டு வாசலில் போட்டிருக்கும் கோலம் இந்திய வரைபடம், மாநில எல்லைகளோடு. மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும்.
2. பக்கத்து வீட்டுத் திண்ணையில் குடியரசுத் தலைவர் உட்கார்ந்து சம்பளக் கவரை எண்ணுகிறார். ஊதியங்கள்.
3. பிள்ளையார் கோயிலில் அமைச்சர்கள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறார்கள். உறுதிமொழிகள்.
4. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் நாற்காலி கொடுக்கிறார்கள். ஆளுக்கு எத்தனை என்று மாநிலங்கள் சண்டை. மாநிலங்களவை இட ஒதுக்கீடு.
5. புளியமரத்தடியில் தேன் விற்கும் மலைவாழ் மக்கள். பட்டியல் பகுதிகள், பழங்குடியினர் நிர்வாகம்.
6. டீக்கடையில் கொதிப்பது அசாம் டீ. அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் பழங்குடிப் பகுதிகள்.
7. மளிகைக் கடையில் கையில் மூன்று லிஸ்ட். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்.
8. பள்ளிக்கூடத்தில் 22 மொழியில் ஒரே நேரத்தில் பாடம். மொழிகள்.
9. பள்ளிக்குப் பின்னால் உள்ள வயலை அளக்கிறார் சர்வேயர். நிலச் சீர்திருத்தச் சட்டங்கள்.
10. பஸ் நிலையத்தில் ஓடும் பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்குத் தாவுகிறார் ஒரு எம்.எல்.ஏ. கட்சித் தாவல் தடை.
11. பஞ்சாயத்து அலுவலகம். ஊராட்சிகள்.
12. எதிரே வரும் நகராட்சிக் குப்பை வண்டி. நகராட்சிகள்.

இது என் தெரு. உங்கள் தெருவில் பள்ளிவாசல் இருக்கும், மாதா கோயில் இருக்கும், சைக்கிள் கடை இருக்கும். உங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு தங்கும். இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டு நடந்துவிட்டு, பிறகு ஏழாவது என்ன, நான்காவது என்ன என்று தாவித் தாவிக் கேட்டுப் பாருங்கள்.

இந்த முறையைக் கண்டதும் சிலர் எல்லாப் பாடத்தையும் தெருவில் கொட்டப் பார்ப்பார்கள். வேண்டாம். வரிசை முக்கியமான, காரணம் இல்லாத பட்டியல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடலாக்குடி செய்குதம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் நினைவில் வைத்துச் சதாவதானம் செய்து காட்டினார் என்று பத்தாம் வகுப்புத் தமிழில் படிக்கிறோம். அந்த மேடைக்குப் பின்னால் யாப்பிலும் இலக்கியத்திலும் ஆழ்ந்த பயிற்சி இருந்தது. உத்திகள் துணைக்கு நிற்கும். அடிப்படைப் படிப்பின் இடத்தை அவற்றால் நிரப்ப முடியாது.

படி 7: குழம்பும் ஜோடிகளை எதிரெதிரே வையுங்கள்

தேர்வில் பறிபோகும் மதிப்பெண்களில் நிறையப் போவது, தெரியாதவற்றில் இல்லை, ஒன்றோடொன்று கலந்துவிட்டவற்றில். 73ஆவது திருத்தம் ஊராட்சிக்கா, நகராட்சிக்கா? வடலூர் இராமலிங்க அடிகளா, நாமக்கல் இராமலிங்கம் பிள்ளையா? மருதத்துக்குப் பொழுது வைகறையா, எற்பாடா?

ஒரு தனி நோட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றொன்று என்று எழுதுங்கள். இரண்டுக்கும் பொதுவானதை எழுதி நேரத்தைச் செலவிட வேண்டாம், வேறுபாட்டை மட்டும் எழுதுங்கள். வடலூரார் 1823இல் பிறந்தவர், சன்மார்க்கம், சத்திய ஞான சபை. நாமக்கல்லார் 1888, விடுதலைப் போராட்டம், 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரக வழிநடைப் பாடல். 73 ஊராட்சி, 11ஆம் அட்டவணை. 74 நகராட்சி, 12ஆம் அட்டவணை. கிராமம் முன்னால், நகரம் பின்னால்.

திறனறிவுக் கணக்குக்கும் இதே அணுகுமுறைதான். தனிவட்டிக் கணக்கு இருபதும் முடித்துவிட்டுக் கூட்டுவட்டிக்குப் போகும் பழக்கத்தை விடுங்கள். வட்டி, விகிதம், வேலையும் நேரமும், பரப்பளவு என்று கலந்து போடுங்கள். 2007இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கன அளவுக் கணக்குகளில் இதைச் சோதித்தார்கள். பயிற்சியின்போது, வகை வகையாகப் போட்டவர்களே 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் கலந்து போட்டவர்கள் 63, வகை வகையாகப் போட்டவர்கள் 20. எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடிப்பதும் கணக்கின் பாதி வேலை. வகை பிரித்துப் போடும்போது அந்தப் பாதியை நாம் பழகுவதே இல்லை.

படி 8: ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்

நன்னூல் சொன்ன மீதி அரைப் பங்கு இது. உடன் படிக்கும் இருவர் மூவராகச் சேர்ந்து, வாரம் ஒரு நாள், ஆளுக்கொரு பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் விளக்குங்கள். கேட்பவர்கள் குறுக்கே கேள்வி கேட்க வேண்டும், விடக் கூடாது. ஆள் கிடைக்காதவர்கள் வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ சொல்லுங்கள். பாடம் தெரியாதவர் கேட்கும் "அப்படின்னா என்ன?" என்ற கேள்வி, நாம் புரியாமலே மனப்பாடம் செய்த இடத்தைச் சரியாகத் தொடும்.

தூக்கம்

1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் செய்த சோதனையில், படித்துவிட்டுத் தூங்கியவர்கள், அதே அளவு நேரம் விழித்திருந்தபோது மறந்ததைவிடக் குறைவாகவே மறந்தார்கள். அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதை உறுதி செய்திருக்கின்றன. படித்ததைத் தங்க வைக்கும் வேலை தூக்கத்தில் நடக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து படிப்பவர், மாதக்கணக்கில் சேர்த்ததையும் எடுக்க முடியாத களைப்போடு போய் உட்காருகிறார். படுக்கும் முன் பத்து நிமிடம் முதல் அறை அட்டைகளைப் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள்.

தேர்வறையில்

வினா ஒன்றுக்குச் சராசரியாக 54 வினாடி. வினாவைப் படித்ததும் விடைகளின் மீது விரலை வைத்து மறைத்துக்கொண்டு, உங்கள் பதிலை மனத்துக்குள் சொல்லுங்கள். பிறகு விரலை எடுத்து அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிரப்பிவிட்டு நகருங்கள்.

வரவில்லை என்றால் அதையே இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுக்க இறுக்கத் தவறான பெயரே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். குறி போட்டுவிட்டுத் தாண்டுங்கள். திரும்பி வரும்போது நேராக விடையைத் தேடாமல் அக்கம்பக்கத்தைத் தேடுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, எந்த ஊர், கூட யார் இருந்தார்கள், புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் படம் இருந்தது. சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணி கிடைத்தால் போதும். பட்டியல் வினா என்றால் தெருவில் நடங்கள்.

இடையில் விட்டுப்போனால்

வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது நிச்சயம் நடக்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, ஒரு கல்யாணம், கடையில் தீபாவளிக் கூட்டம். பெட்டியைத் தொட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். திறந்தால் எல்லா அறையும் ஒரே நாளில் பார்க்க வேண்டியதாக நிற்கும். பலர் கைவிடும் இடம் இது, கைவிட எந்தக் காரணமும் இல்லாத இடமும் இதுதான். எபிங்ஹாஸ் தன் மறதியை அளந்த வழியே இதற்கு ஆதாரம்: மறந்த பட்டியலைத் திரும்பப் பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்றுதான் அவர் கணக்கிட்டார். ஒரு மாதம் கழித்தும், முதல் முறை ஆன நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. அதுவும் பொருளற்ற அசைகளுக்கு. போய்விட்டது என்று நீங்கள் நினைக்கும் பாடம் முழுவதும் போயிருக்காது.

புதிய பாடத்தை ஒரு வாரம் நிறுத்துங்கள். ஐந்தாவது அறையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். மேலே இருப்பவை நன்றாகப் பழகியவை என்பதால் விரைவாக முடியும், நம்பிக்கையும் திரும்பும். நாளைக்கு முப்பது அட்டை போதும். தவறியவை முதல் அறைக்குப் போகட்டும். அந்த வாரம் முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து அடுத்த துணைத்தலைப்பை எடுத்து, ஒரு முறை படித்து, புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளை எடுங்கள்.